துருவைக் கூண்டில் அடைத்த கதை: ஆர்சனிக் தண்ணீரும் சென்னை ஐஐடியின் வடிகட்டியும்

வங்கதேசத்துக் கிராமங்களில் அடிபம்பின் நிறத்தைப் பார்த்துத்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். பச்சை அடித்திருந்தால் குடிக்கலாம். சிவப்பு அடித்திருந்தால் துணி துவைக்கலாம், குடிக்கக் கூடாது. இரண்டிலும் வருகிற தண்ணீர் பார்வைக்கு ஒன்றுதான். வாசனை இல்லை, ருசியில் மாற்றம் இல்லை. கொதிக்க வைத்தாலும் உள்ளே இருப்பது போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் மிச்சத்தில் அதன் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். அது ஆர்சனிக். சித்த மருத்துவத்தில் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்வது இதன் ஆக்சைடைத்தான்.

எல்லைக்கு இந்தப் பக்கம், மேற்கு வங்கத்திலும் இதே நிலைதான். 1983-ல் கொல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் மருத்துவராக இருந்த கே.சி. சாஹாவிடம் சில நோயாளிகள் வந்தார்கள். உள்ளங்கையும் பாதமும் தடித்துக் கரடுமுரடாகியிருந்தன. உடம்பில் மழைத்துளி தெறித்தாற்போலப் புள்ளிகள். காரணத்தைத் தேடிப் போனவர் அவர்கள் குடித்த குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் போய் நின்றார். இந்தத் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும் என்பது பின்னால் உறுதியானது.

அந்த நஞ்சைப் பிடிக்கும் ஒரு பொருளைப் பற்றியது இந்த நிகழ்வு ஆய்வு. கையில் எடுத்தால் ஆற்று மணல்போல இருக்கும். நிறம் மட்டும் செம்பழுப்பு. சென்னை ஐஐடியின் வேதியியல் துறையில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு உருவாக்கியது. நானோ அறிவியல் என்ற பெயரில் நம் நாட்டில் எவ்வளவோ ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன. ஆய்வுக்கூடத்தைத் தாண்டி ஒரு கிராமத்துக் குழாய் வரை போய்ச் சேர்ந்தவை என்று விரல் விட்டு எண்ணினால் மிகக் குறைவு. இது போய்ச் சேர்ந்தது. இடையில் எங்கெங்கே சிக்கியது, எதனால் விடுபட்டது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

நல்லதுக்குத் தோண்டிய கிணறு

1970-களுக்கு முன்னால் வங்க டெல்டாவின் கிராமங்களில் குளத்துத் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும்தான் பெரும்பாலும் குடிநீர். காலராவும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. அதைத் தடுக்கத்தான் அரசுகளும் யுனிசெஃப் போன்ற அமைப்புகளும் குழாய்க் கிணறுகளைப் பரப்பின. நிலத்தடி நீரில் கிருமி குறைவு என்ற கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் அந்தக் காலத்துக் குடிநீர்ச் சோதனைகளில் ஆர்சனிக்கைப் பார்க்கும் வழக்கம் இல்லை. 2000-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வந்த கட்டுரை, வங்கதேசத்தில் நடந்ததை வரலாற்றிலேயே ஒரு மக்கள் கூட்டம் நஞ்சுக்கு ஆளான மிகப் பெரிய நிகழ்வு என்று சொன்னது.

இத்தனை ஆர்சனிக் எங்கிருந்து வந்தது? எந்தத் தொழிற்சாலையும் கொட்டவில்லை. இமயமலைப் பாறைகள் அரிக்கப்பட்டு, கங்கையும் பிரம்மபுத்திராவும் அடித்துக்கொண்டு வந்த வண்டலில் அது இருக்கிறது. மணல் பரல்களின் மேல் இரும்பு ஆக்சைடு, அதாவது துரு, மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். ஆர்சனிக் அந்தத் துருவில் ஒட்டிக்கொண்டு மலையிலிருந்து கீழே இறங்கியது. டெல்டாவில் வண்டலோடு இலைதழைகளும் புதைந்தன. அவற்றைத் தின்று வாழும் பாக்டீரியாக்களுக்கு ஆழத்தில் ஆக்சிஜன் கிடைக்காது. ஆக்சிஜன் செய்ய வேண்டிய வேலைக்கு அவை துருவில் உள்ள இரும்பைப் பயன்படுத்திக்கொள்கின்றன. அப்போது துரு கரைகிறது. அது பிடித்து வைத்திருந்த ஆர்சனிக்கும் தண்ணீரில் இறங்கிவிடுகிறது.

இதைப் புரிந்துகொண்ட நாளில்தான் எனக்கு இந்த விஷயத்தின் மேல் பிடிப்பு வந்தது. நிலத்துக்கு அடியில் கைவிட்டதும் துருதான். மேலே வந்த பிறகு பிடித்துக்கொள்ளக்கூடியதும் துருதான். சென்னையில் மட்டும் தோன்றிய யோசனை அல்ல இது. வங்கதேசத்தைச் சேர்ந்த வேதியியலாளர் அபுல் ஹுசாம் இரும்புத் துருவல், மணல், கரி, செங்கல் சல்லி ஆகியவற்றை அடுக்கிச் செய்த ‘சோனோ’ வடிகட்டிக்கு 2007-ல் 10 லட்சம் டாலர் கிரெய்ஞ்சர் பரிசு கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் 12 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுள்ள காந்த இரும்பு ஆக்சைடுத் துகள்களைத் தண்ணீரில் கலந்து, ஆர்சனிக் ஒட்டிய பிறகு காந்தத்தால் இழுத்து எடுத்துக் காட்டினார்கள். துரு வேலை செய்யும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எவ்வளவு துரு, எவ்வளவு காலம், என்ன விலையில் என்பதுதான் கேள்வியாக இருந்தது.

பிடிக்க வேண்டிய அளவு எவ்வளவு சின்னது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஆர்சனிக் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 1993-ல் வகுத்த எல்லை. இந்தியத் தரமும் இப்போது அதுதான். அதற்கு முன் 50 மைக்ரோகிராமாக இருந்தது. சென்னைத் தெருக்களில் கோடையில் ஓடும் தண்ணீர் லாரி ஒன்று 10,000 லிட்டர் பிடிக்கும் என்றால், அந்த முழு லாரிக்கும் அனுமதி 0.1 கிராம். ஒரு சிட்டிகை உப்புகூட அதைவிடக் கனமாக இருக்கும். ஒரு லாரித் தண்ணீரில் கரைந்துபோன அந்தத் துளியைத் தேடிப் பிடித்து, அதே நேரத்தில் அதைவிட ஆயிரம் மடங்கு இருக்கிற சுண்ணாம்பையும் உப்பையும் விட்டுவிட வேண்டும்.

எண்டோசல்ஃபானில் தொடங்கியது

பிரதீப்பின் குழு முதலில் ஆர்சனிக்கைத் தேடிப் போகவில்லை. கதை தங்கத்திலும் வெள்ளியிலும் தொடங்குகிறது.

ஒரு பொருளைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதே கட்டியை 10 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். சென்னைக் கணக்கில் இரண்டரை கிரவுண்டுக்கு மேல். எடை மாறவில்லை, பொருளும் மாறவில்லை. ஒரு கட்டிக்குள் ஒளிந்திருந்த அணுக்களில் கணிசமான பங்கு மேற்பரப்புக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். மேற்பரப்பில் நிற்கும் அணுவுக்குச் சுற்றிலும் பிடிமானம் குறைவு. பக்கத்தில் வருகிறவர்களோடு சேரத் துடிக்கும். வெள்ளிக் கொலுசு செய்யாத வேலையை வெள்ளி நானோ துகள் செய்வது இதனால்தான்.

2003-ல் ஸ்ரீகுமாரன் நாயரும் பிரதீப்பும் வெளியிட்ட கட்டுரை ஒன்று இதைக் காட்டியது. கார்பன் டெட்ராகுளோரைடு என்ற பிடிவாதமான சேர்மத்தை வெள்ளி, தங்க நானோ துகள்கள் சாதாரண அறை வெப்பத்திலேயே உடைத்தன. குளோரின் உலோகத்தோடு சேர்ந்து உப்பாகியது. கார்பன் கரியாக ஒதுங்கியது. நமக்குத் தெரிந்த பல பூச்சிக்கொல்லிகளிலும் குளோரின் உண்டு. எண்டோசல்ஃபானின் ஒரு மூலக்கூற்றில் ஆறு குளோரின் அணுக்கள். மாலத்தியான், குளோர்பைரிஃபாஸ் ஆகியவற்றில் கந்தகம் உண்டு. கந்தகத்தைக் கண்டால் தங்கமும் வெள்ளியும் விடாது. அதே ஆண்டில் எண்டோசல்ஃபானைத் தங்க நானோ துகள்கள் நிறம் மாறிக் காட்டிக்கொடுப்பதையும், தண்ணீரிலிருந்து அதை நீக்குவதையும் குழு வெளியிட்டது.

அந்த ஆண்டை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அதன் கனம் புரியும். காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை எண்டோசல்ஃபானை ஹெலிகாப்டரிலிருந்து தெளித்தார்கள். அதன் பாதிப்புகள் பற்றிய செய்திகள் கேரளத்தை உலுக்கிக்கொண்டிருந்தன. 2003 பிப்ரவரியில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், பாட்டில் தண்ணீரில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக வெளியிட்டது, ஆகஸ்டில் குளிர்பானங்களிலும். அதன் பிறகு பாட்டில் தண்ணீருக்குத் தரக் கட்டுப்பாடு கடுமையாகியது: லிட்டருக்கு ஒரு பூச்சிக்கொல்லி 0.1 மைக்ரோகிராம், எல்லாம் சேர்த்து 0.5 மைக்ரோகிராம். ஆர்சனிக் எல்லையைவிட நூறு மடங்கு நுண்ணிய அளவு அது.

2007-ல் யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் இந்தத் தொழில்நுட்பத்தை வீட்டு வடிகட்டியில் வைத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நானோ வேதியியலை அடிப்படையாகக் கொண்டு விற்பனைக்கு வந்த முதல் குடிநீர்ப் பொருள்களில் அது ஒன்று. எண்டோசல்ஃபானுக்கு இந்தியாவில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது 2011-ல். தடை வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே நஞ்சைப் பிடிக்கும் பொருள் கடைக்கு வந்துவிட்டது. இது பெருமைக்குரிய செய்திதான். ஆனால் தடை முன்னால் வந்திருக்க வேண்டும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அடக்கி வைப்பது

இனிதான் இந்த நிகழ்வின் மையம். என் கருத்தில், நானோ துகளைச் செய்வது இந்த வேலையின் எளிய பாதி. செய்த துகளைத் தண்ணீருக்குள் அடித்துக்கொண்டு போகாமல், மூடிக்கொள்ளாமல், தன் இயல்பை இழக்காமல் ஆண்டுக்கணக்கில் அடக்கி வைத்திருப்பதுதான் கடினமான பாதி. ஆய்வுக்கூடத்தில் வடிநீரில், அதாவது காய்ச்சி வடித்த சுத்த நீரில் போட்டுச் சோதித்தால் எந்தத் துகளும் அழகாக வேலை செய்யும். நம் கிணற்றுத் தண்ணீர் வடிநீர் அல்ல.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். ஹீட்டர் கம்பியில் ஆறே மாதத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டிவிடும், சுரண்டினாலும் போகாது. ஒரு நானோ துகளுக்கும் இதே கதிதான், ஆறு மாதம்கூடத் தேவையில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் சிலிக்கேட்டும் அதன் மேல் படிந்து, துகளின் மேற்பரப்பை மூடிவிடும். இரண்டரை கிரவுண்டு நிலத்தை வாங்கி அதன் மேல் சிமென்ட் போட்டதுபோல.

2013-ல் மோகன் உதயசங்கரை முதல் ஆசிரியராகக் கொண்டு அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழக ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை இதற்கு விடை சொன்னது. கிருமியைக் கொல்லும் வெள்ளி அயனிகளை, அதாவது மின்சுமை ஏறிய வெள்ளி அணுக்களை, தொடர்ந்து ஒரே அளவில் வெளியிட வேண்டும் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை. வெள்ளியின் குணம் நமக்குப் புதிது அல்ல. குழந்தைக்கு வெள்ளிப் பாலாடையில் புகட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் எவ்வளவு வெள்ளி கரைகிறது, அது போதுமா, அதிகமா என்பதை வழக்கம் சொல்லாது. அளந்துதான் சொல்ல வேண்டும்.

அவர்கள் வெள்ளி நானோ துகள்களை ஒரு கூண்டுக்குள் வைத்தார்கள். கூண்டின் ஒரு பாதி அலுமினியம் ஆக்சிஹைட்ராக்சைடு: அலுமினியத்தோடு ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மம். மறு பாதி கைட்டோசான்: இறால் ஓட்டிலிருந்தும் நண்டு ஓட்டிலிருந்தும் எடுக்கும் நார்போன்ற பொருள். கடலோரத்தில் இறால் பதப்படுத்தும் இடங்களில் குவிந்து நாறும் ஓடுதான் அதன் மூலப்பொருள். கைட்டோசானை இலேசான அமிலத்தில் கரைத்து, உலோக உப்பைச் சேர்த்து, அப்புறம் காரம் விட்டால் இரண்டும் ஒன்றாகப் படிந்து கூழாகும். அதைக் கழுவி, சாதாரண வெப்பத்தில் உலர்த்தினால் கெட்டியாகிவிடும். உடைத்தால் மணல் மணலாக வரும். சூளை வேண்டாம், மின்சாரம் வேண்டாம். எல்லாம் தண்ணீரிலேயே நடக்கிறது.

இந்த மணல் தண்ணீரில் ஊறினாலும் கரையாது, சேறாகாது. வெள்ளித் துகள் உள்ளே சிறைப்பட்டிருக்க, அயனி மட்டும் வெளியே வரும். தண்ணீரில் உள்ள உப்புகள் கூண்டைத் தாண்டித் துகளின் மேல் படிய முடியாது. வெளியே வந்த வெள்ளியின் அளவு லிட்டருக்குச் சுமார் 40 முதல் 50 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடும் 100 மைக்ரோகிராமில் பாதிக்கும் குறைவு அல்லது பாதி. ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு 10 லிட்டர் என்றால் ஆண்டு முழுக்கச் செலவாகும் வெள்ளி 0.2 கிராமுக்கும் கீழே. சுமார் 120 கிராம் மணல் ஒரு குடும்பத்துக்கு ஓராண்டு வரும். செலவு ஆண்டுக்கு இரண்டரை டாலர் என்று கட்டுரை கணக்கிட்டது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 140 ரூபாய். அடுத்த ஆண்டே, தண்ணீரில் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் கார்பனேட் இருந்தால் வெள்ளி அயனியின் கிருமிகொல்லும் திறன் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு கூடுகிறது என்று அதே குழு காட்டியது.

இரும்பின் முறை

வெள்ளிக்குக் கட்டிய கூண்டு இரும்புக்கும் பொருந்தியது. இங்கே இன்னொரு சிக்கல் இருந்தது; எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான்.

துருவில் பல வகை உண்டு. ஆர்சனிக்கைப் பிடிப்பதில் மிகச் சிறந்த வகைகளில் ஒன்று ஃபெர்ரிஹைட்ரைட். இரும்புச் சத்துள்ள தண்ணீர் வரும் அடிபம்பின் மேடையில் செம்பழுப்பாகப் படிகிறதே, அந்தக் கறையில் இதன் பங்கு உண்டு. அதன் துகள்கள் சில நானோமீட்டர் மட்டுமே; ஒரு கிராமில் நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் பரப்பு. அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்படாததால் எக்ஸ் கதிர் வைத்துப் பார்த்தால் இரண்டே இரண்டு அகலமான பட்டைகள்தான் தெரியும். அதனால் ‘இருகோட்டு’ ஃபெர்ரிஹைட்ரைட் என்று பெயர்.

ஆர்சனிக் தண்ணீரில் இரண்டு வேடத்தில் வரும். ஆர்சனேட்டுக்கு மின்சுமை உண்டு, சுலபமாகப் பிடிபடும். ஆர்சனைட் சாதாரணக் குடிநீரில் மின்சுமை இல்லாமல் திரிவதால் பல வடிகட்டிகளில் நழுவிவிடும். ஆக்சிஜன் இல்லாத ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் இருப்பது பெரும்பாலும் இந்த ஆர்சனைட்தான், அதிக நஞ்சுள்ளதும் அதுதான். ஃபெர்ரிஹைட்ரைட் இரண்டையும் பிடிக்கும். ஆர்சனிக் அதன் இரும்பு அணுவோடு ஆக்சிஜன் வழியாக நேராகப் பிணைந்துகொள்கிறது.

சரி, அப்படியானால் ஏன் முன்பே பயன்படுத்தவில்லை? ஃபெர்ரிஹைட்ரைட் நிலையற்றது. அப்படியே விட்டால் அதன் ஒழுங்கற்ற அணுக்கள் மெல்ல மெல்ல வரிசைக்கு வந்து கோதைட், ஹெமடைட் என்ற கெட்டியான துரு வகைகளாகிவிடும். துகள் பெரிதாகும், பரப்பு குறையும், பிடிக்கும் திறன் போய்விடும். ஒரு பொருளின் ஒழுங்கின்மையே அதன் பலம். அது ஒழுங்காகாமல் தடுக்க வேண்டும்.

கைட்டோசான் கூண்டு அந்த வேலையைச் செய்தது. இரும்பு வளர வளர அதைச் சுற்றி நார் பின்னிக்கொள்வதால் துகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாக இடம் இல்லை. அனில்குமார் முதல் ஆசிரியராக 2017-ல் வந்த கட்டுரை இந்த அடைபட்ட ஃபெர்ரிஹைட்ரைட் அறை வெப்பத்தில் நிலையாக இருப்பதையும், இயற்கையான தண்ணீரில் உள்ள மற்றவற்றுக்கு நடுவிலும் ஆர்சனிக்கைத் தொடர்ந்து எடுப்பதையும் காட்டியது. பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் ஆர்சனிக்கோடு அதே இடத்துக்குப் போட்டி போடுபவை என்பதால் அந்த ‘இயற்கையான தண்ணீர்’ என்ற சொல்லுக்கு மதிப்பு அதிகம். ரைஸ் பல்கலைக்கழகம் துகளை வெளியே விட்டுக் காந்தத்தால் திரும்பப் பிடித்தது. சென்னை அதை வெளியே விடவே இல்லை. கிராமத்துக்கு இரண்டாவது வழிதான் உகந்தது என்பது என் எண்ணம். மணலைக் கலத்தில் கொட்டி மேலே தண்ணீரை விட யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

களத்தில்

ஆர்சனிக் நீக்கும் நிலையங்களைப் பற்றி மேற்கு வங்க மக்களுக்கு ஏற்கெனவே கசப்பான அனுபவம் உண்டு. வடக்கு 24 பர்கானா மாவட்டத்தில் 11 நிறுவனங்கள் நிறுவிய நிலையங்களை ஜாதவ்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து சோதித்து, 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். 10 மைக்ரோகிராம் எல்லையை ஒன்றுகூடத் தொடர்ந்து காப்பாற்றவில்லை. 50 மைக்ரோகிராமைக் காப்பாற்றியவை இரண்டே இரண்டு. பொருளின் குறை பாதி, பராமரிப்பு இல்லாதது பாதி. நிலையம் திறந்த நாளில் எடுத்த அளவு விளம்பரத்தில் இருக்கும். மூன்றாவது ஆண்டில் எடுத்த அளவுதான் உண்மையைச் சொல்லும்.

ஐஐடி குழு தன் தொழில்நுட்பத்துக்கு ‘அம்ரித்’ என்று பெயர் வைத்தது. இந்தியத் தொழில்நுட்பத்தால் ஆர்சனிக், உலோக நீக்கம் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். அமுதம் என்றும் பொருள். நஞ்சுக்கு எதிராக அமுதம் என்பது நம் காதுக்கு உடனே புரியும் பெயர். முதலில் ஆர்சனிக் பாதித்த மேற்கு வங்கக் கிராமங்களிலும் பள்ளிகளிலும் சமுதாய நிலையங்களாக இதை வைத்தார்கள். பெரிய கலங்களில் அந்தச் செம்பழுப்பு மணலை நிரப்பி, குழாய்க் கிணற்று நீரை அதன் வழியே விடும் எளிய அமைப்பு. வீட்டுக்கு என்றால் அதே மணல் ஒரு சிறு குப்பியில். ஈர்ப்பு விசையே போதும். பின்னர் பல மாநிலங்களுக்குப் பரவியது. மத்திய அரசின் குடிநீர்த் துறை நாடு முழுக்கப் பயன்படுத்த ஏற்றுக்கொண்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தத் தண்ணீரைப் பெறுகிறார்கள் என்பது குழுவின் கணக்கு.

இதை உற்பத்தி செய்ய ஐஐடியில் முளைத்த நிறுவனம் இன்னோநானோ ரிசர்ச். 2016-ல் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான நானோஹோல்டிங்ஸ் அதில் 1.8 கோடி டாலர் முதலிட முன்வந்தது. இந்தியக் கல்விக்கூடம் ஒன்றில் பிறந்த பொருளறிவியல் நிறுவனத்துக்கு அந்தக் காலத்தில் இது பெரிய தொகை. பிரதீப்புக்கு 2020-ல் பத்மஸ்ரீ, 2022-ல் வளரும் நாடுகளின் புத்தாக்கத்துக்கான வின்ஃபியூச்சர் சிறப்புப் பரிசு. பரிசுகளைப் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் 2003-ன் ஆய்வுக் கட்டுரையிலிருந்து 2017-ன் ஆர்சனிக் கட்டுரை வரை பதினான்கு ஆண்டுகள், மாணவர் தலைமுறைகள் மாறி மாறி ஒரே கேள்வியைப் பிடித்திருந்ததை எழுதாமல் விட முடியாது. இரண்டு மூன்று ஆண்டு நிதியில் ஓடும் நம் ஆய்வுத் திட்டங்களுக்கு நடுவில் அந்தப் பொறுமை அரிது.

இந்தப் பொருள் செய்யாததையும் சொல்லிவிட வேண்டும். உப்புத் தண்ணீரை இது இனிப்பாக்காது. ஃப்ளோரைடு உள்ள ஊர்களுக்கு வேறு பொருள் வேண்டும். கூண்டு ஒன்றுதான், உள்ளே வைக்கும் உலோக ஆக்சைடை நஞ்சுக்கேற்ப மாற்றிக்கொள்ளும் முறை இது. ஆகவே ஒரு ஊருக்கு எதைக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் முன் அந்த ஊர்த் தண்ணீரைச் சோதித்தாக வேண்டும். கடைக்காரர் சொன்னார் என்று எல்லாத் தண்ணீருக்கும் ஒரே இயந்திரத்தை மாட்டும் நம் நகரத்துப் பழக்கம் இங்கே செல்லாது.

நிறைந்த பிறகு

மணல் நிறைந்துவிட்டால் அதை எங்கே போடுவது? இந்தக் கேள்வியை எந்த ஆர்சனிக் வடிகட்டியிடமும் முதலில் கேட்க வேண்டும். எத்தனையோ லாரித் தண்ணீரில் பரந்து கிடந்த நஞ்சை ஒரு சாக்குக்குள் சேர்த்திருக்கிறோம். மழையில் நனைந்து அது மறுபடி இறங்கினால் செய்த வேலை எல்லாம் வீண். ஃபெர்ரிஹைட்ரைட் ஆர்சனிக்கை உறுதியாகப் பிணைப்பது இங்கே கைகொடுக்கிறது. ஆனால் எந்த நிலைமையில் அது கைவிடும் என்பதை நிலத்தடியிலேயே பார்த்துவிட்டோம்: ஆக்சிஜன் இல்லாத, அழுகும் குப்பை உள்ள இடத்தில். அதனால் தீர்ந்த மணலை ஊர்க் குப்பை மேட்டில் கொட்டவே கூடாது. திருப்பி வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டையும் சேர்த்துத்தான் நிலையத்தை ஒப்பந்தம் செய்ய வேண்டும். ஊராட்சியில் யார் கையெழுத்துப் போடுகிறார்களோ அவர்கள் இந்த ஒரு வரியைத் தேடிப் பார்த்துவிட்டுப் போடட்டும்.

2019-ல் அந்தக் குழுவிலிருந்து வந்த இன்னொரு கட்டுரை என்னை மிகவும் கவர்ந்தது. ஸ்ரீதமா முகர்ஜி முதல் ஆசிரியர். கைட்டோசானுக்குப் பதிலாகத் தாவரங்களின் செல்லுலோஸ் இழையைக் கூண்டாக வைத்துப் பார்த்தார்கள். இழையை நானோ அளவுக்கு நறுக்கியும் பார்த்தார்கள், அதைவிடப் பெரிய மைக்ரோ அளவில் விட்டும் பார்த்தார்கள். ஆர்சனிக்கைப் பிடிப்பதில் மைக்ரோ இழைதான் மேலாக இருந்தது. நானோவால் பெயர் பெற்ற ஆய்வுக்கூடம், இந்த இடத்தில் நானோவைவிட மைக்ரோ நல்லது என்று தலைப்பிலேயே எழுதி வெளியிட்டது. தயாரிப்பில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ஆற்றல், எவ்வளவு கழிவு என்ற கணக்கையும் அதே கட்டுரையில் சேர்த்திருந்தார்கள்.

மீதி இருக்கும் பெரிய சிக்கல், தொடக்கத்தில் சொன்ன அந்த இரண்டு பம்புகளின் சிக்கல்தான். மணலின் கடைசி இடமும் நிறைந்து ஆர்சனிக் தாண்டிப் போகத் தொடங்கினால், தண்ணீர் அப்போதும் அதே தெளிவோடுதான் வரும். இரும்பு அதிகமானால் சோறு கறுக்கும், துணியில் கறை விழும். வீட்டில் யாராவது கவனித்துவிடுவார்கள். ஆர்சனிக்குக்கு அப்படி ஓர் அடையாளம் இல்லை. மாதிரியை எடுத்து நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வருவதற்குள் ஊர் எத்தனை குடம் குடித்திருக்கும்? ஆகவே அளவிடும் கருவி குழாயடிக்கே வர வேண்டியிருக்கிறது. 2022-ல் பிரதீப்பின் குழு கிராஃபீனை (ஓரணு தடிமனுள்ள கார்பன் ஏட்டை) அடிப்படையாகக் கொண்ட ஓர் உணர்வியை வெளியிட்டது. அது தேடுவது ஆர்சனைட்டை. குறி வைத்த அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்.